கீழக்கரை: சங்கால் வாழ்ந்த துறைமுக நகரத்தின் வரலாறு

கீழக்கரை, ராமநாதபுரத்திற்குத் தெற்கே சுமார் 17 கி.மீ. தொலைவில், மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ள நகராட்சி. நெருங்கிய தெருக்கள், உயர்ந்த சுவர்களுக்குப் பின்னால் மறைந்த பெரிய வீடுகள், கருங்கல்லால் கட்டிய பழைய ஜும்மா பள்ளிவாசல், பொறியியல் கல்லூரி, பெண்கள் கல்லூரி என்பவை இன்று அங்கே கண்ணில் படுகின்றன. அந்த வீடுகளுக்கும் பள்ளிவாசலுக்கும் முதல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கடலுக்கடியில்தான் போய் நிற்க வேண்டும். குறைந்தது 300 ஆண்டுகள் இந்த ஊர் சங்கையும் முத்தையும் நம்பி வாழ்ந்தது. இரண்டில் முத்தைப் பற்றியே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஊரை ஆண்டுதோறும் தாங்கி நின்றது சங்கு.

சங்கு தூய வெண்மையுடன் கடலிலிருந்து வருவதில்லை. எடுக்கும்போது அதன் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் மூடியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகே பீங்கான் போன்ற வெள்ளை ஓடு வெளிப்படும். விலங்கியலார் டர்பினெல்லா பைரம் என்று பெயரிட்டிருக்கும் இந்த உயிரினம், முத்துச்சிப்பியைப் போல் பாறையை நாடுவதில்லை. மணல் பரப்பிலும் சேறு கலந்த மணலிலும் ஊர்ந்து, புழுக்களைத் தின்று வாழ்கிறது. ஓடு கனமானது, விரிசலின்றி இறுகியது. குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரு வளையமாக வரும். சங்கின் வணிக வரலாறு முழுவதும் இந்த ஒரு பண்பிலிருந்து பிறந்ததுதான்.

வலம்புரி பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வாய்ப்புறம் மேலாகப் பிடித்துப் பார்த்து இடம், வலம் சொல்வது தமிழ் மரபு. விலங்கியலார் கூர்நுனியை மேலாக வைத்துப் பார்க்கிறார்கள். அதனால் நாம் வலம்புரி என்பதை அவர்கள் இடப்புறம் சுழன்றது என்று எழுதுகிறார்கள். மிக அரிதாகக் கிடைப்பதால் அதற்குத் தனி விலை உண்டு. கோயில் பூசையிலும் தனி இடம் உண்டு. ஆனால் வணிகக் கணக்கில் அது தற்செயல் வரவு. கீழக்கரையின் கிடங்குகளை நிரப்பியவை சாதாரண இடம்புரிச் சங்குகளே.

அரம் இந்தக் கரையில் இருந்த காலம்

சங்கை அறுத்து வளையல் செய்யும் தொழில் இன்று வங்காளத்திற்கு உரியதாகக் கருதப்படுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. ராமநாதபுரத்திற்குக் கிழக்கே, வைகை கடலில் சேரும் இடத்திற்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1980-களிலிருந்து பலமுறை அகழாய்வு நடத்தியது. ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும், சங்கு வளையல்களும் அங்கே கிடைத்தன. தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையிலும் உள்நாட்டு ஊர்களிலும் சங்கு வளையல் துண்டுகள் ஏராளமாக வெளிப்பட்டிருக்கின்றன. சென்னை மாகாணத்தின் முத்து, சங்குச் சலாபங்களுக்கு (குளிப்புகளுக்கு) கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி 1914-இல் வெளியிட்ட நூலில், கொற்கையில் தாம் கண்டெடுத்த அறுபட்ட சங்குத் துண்டுகளைச் சான்றாகக் காட்டினார். முழு வளையலை விட இந்தக் கழிவுத் துண்டுக்கு வரலாற்றில் மதிப்பு அதிகம். வளையல் எங்கிருந்தும் வந்திருக்கலாம். அறுத்துப் போட்ட துண்டு கிடக்கும் இடத்தில் பட்டறை இருந்திருக்க வேண்டும்.

சங்க இலக்கியமும் இதற்கு ஒத்துப்போகிறது. அரத்தால் சங்கு அறுத்து வளையல் செய்யும் தொழிலாளரை அகநானூறு குறிப்பிடுகிறது. சங்கறுப்பவர் குலத்தவர் என்று நக்கீரரைச் சொல்லும் திருவிளையாடல் மரபு அதற்குப் பிந்தியது. என்றாலும் பாண்டிய நாட்டில் சங்கு ஒரு கைவினைப் பொருளாக இருந்த நினைவு அதில் தங்கியிருக்கிறது. ஆகவே, பழங்காலத்தில் சங்கு எடுத்தவரும் அறுத்தவரும் அணிந்தவரும் ஒரே நாட்டிலேயே இருந்தார்கள்.

இந்தத் தொடர் பின்னால் அறுந்தது. சங்கு வளையலின் இடத்தைத் தமிழ்நாட்டுப் பெண்களின் கைகளில் கண்ணாடியும் உலோகமும் பிடித்துக்கொண்டன. அந்த மாற்றம் படிப்படியாக நடந்திருக்க வேண்டும். ஆனால் சங்கைச் சரக்காக வெளியே அனுப்பும் பழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வணிகர் காஸ்மாஸ், இலங்கைக்கு எதிர்ப்புறக் கரையில் மரல்லோ என்ற துறையிலிருந்து சங்கு ஏற்றுமதியானதைக் குறிக்கிறார். 1563-இல் கோவாவில் தம் நூலை வெளியிட்ட போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, சங்கு வங்காளத்திற்குப் போகும் சரக்கு என்று தெளிவாகவே எழுதுகிறார். பட்டாணியர் ஆட்சி வந்தபின் அங்கே சங்கு அணியும் வழக்கம் குறைந்து விலை இறங்கியதாகவும் சொல்கிறார். வங்காளத்தில் ஆட்சி மாறினால் மன்னார் வளைகுடாவில் விலை மாறும் என்பதற்கு இதுவே பழைய சான்று. கீழக்கரையின் பிற்கால வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நடந்தது.

டாக்காவின் வாள்

வங்காளத்தில் மணமான இந்துப் பெண் அணியும் சங்கு வளையலுக்கு சாக்கா என்று பெயர். நம் ஊர்த் தாலிக்கு உள்ள இடம் அங்கே அதற்கு உண்டு. திருமணத்தில் அணிவிப்பார்கள், கணவன் இறந்தால் உடைப்பார்கள். வீட்டுக்கு வீடு வேண்டியிருந்த, உடைந்தால் புதிதாக வாங்க வேண்டியிருந்த இந்த வளையலுக்கான சந்தை வற்றியதே இல்லை. டாக்கா நகரில் இதற்கென்றே சாங்காரி என்ற கைவினைச் சாதியார் ஒரு தெருவை நிறைத்து வாழ்ந்தார்கள். சாங்காரி பஜார் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சு வணிகர் தவர்னியே இத்தொழிலைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அவர்களுடைய கருவி பிறை வடிவில் வளைந்த கனத்த இரும்பு வாள். தரையில் அமர்ந்து, சங்கைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரு கையாலும் வாளை முன்னும் பின்னும் இழுத்து அறுப்பார்கள். இந்த வாள் போகும்போதும் வரும்போதும் அறுக்கும். இரு பக்கமும் துன்பம் தரும் நிலையைச் சொல்ல வங்காளியர் இதையே பழமொழியாக வைத்திருக்கிறார்கள். நாம் இருதலைக் கொள்ளி என்கிற இடம் அது. ஒரு சங்கிலிருந்து சில வளையங்களே தேறும். விரிசலோ புழுத்துளையோ இருந்தால் அதுவும் தேறாது. எனவே வாங்கும் வணிகர் ஒவ்வொரு சங்கையும் தட்டி, திருப்பிப் பார்த்தே எடுப்பார். வடிவத்தைப் பொறுத்து சங்கை ஜாதி, பட்டி என்று பிரித்தார்கள். விலை இந்தப் பிரிவுப்படி நின்றது.

மரைக்காயர்களும் சேதுபதிகளும்

கீழக்கரைக்கு முன்னால் இந்தக் கரையின் பெரிய துறை பெரியபட்டினம். கீழக்கரைக்குக் கிழக்கே சில கி.மீ. தொலைவில் உள்ள இந்தச் சிற்றூரில் ஜப்பானிய வரலாற்றாய்வாளர் நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் மற்றவர்களும் 1980-களில் ஆய்வு செய்தபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் பெருமளவில் கிடைத்தன. பாண்டியர் காலக் கடல் வணிகம் எந்த அளவு விரிந்திருந்தது என்பதை அந்த ஓடுகள் காட்டின. அதே 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இந்தக் கடலில் நடந்த முத்துக்குளிப்பை விவரிக்கிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. பெரிய மீன்கள் தாக்காமல் மந்திரித்துக் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலில் மட்டும் செல்லும்; இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்காதபடி அதை அவிழ்த்துவிடுவார்கள் என்கிறார்.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தார்கள். 1530-களில் பரதவர்கள் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார்கள். அதற்கு ஈடாகப் போர்த்துகீசியரின் கடற்படைக் காவல் அவர்களுக்குக் கிடைத்தது. முஸ்லிம் கடல் வணிகர்களான மரைக்காயர்களுக்கு அது பேரிழப்பு. 1538-இல் மண்டபத்திற்கு அருகிலுள்ள வேதாளையில், கோழிக்கோட்டு சாமூதிரியின் ஆதரவு பெற்ற மரைக்காயர் கப்பற்படையைப் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாகக் கரையின் மேல் கை அவர்களுடையதாக இருந்தது. 1658-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் பிடித்த பிறகுதான் நிலைமை புரண்டது.

கீழக்கரையின் பொற்காலம் இதற்குப் பின் வருகிறது. கடலில் டச்சுக்காரர்கள் வலுத்தார்கள்; நிலத்தில் சேதுபதிகள் வலுத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மரைக்காயர்கள் தங்கள் கப்பல்களை விட்டார்கள். ராமேஸ்வரம் செல்லும் யாத்திரைப் பாதையின் காவலராக இருந்ததால் சேதுபதி என்ற பட்டம் பெற்ற மறவர் குல மன்னர்களுக்கு, நெல் விளைச்சல் குறைந்த வறண்ட நாட்டில் கடல் வருவாய் உயிர் போன்றது. முத்துக்குளிப்பில் இத்தனை தோணிகள் தம்முடையவை என்ற உரிமை அவர்களுக்கு இருந்தது. சில கோயில்களுக்கும் அப்படிப்பட்ட உரிமைத் தோணிகள் இருந்தன. சங்கோ முழுக்க அவர்கள் கடலின் விளைச்சல்.

17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்திற்கு மாற்றியவர். அவருடைய நெருங்கிய நண்பரும் வணிக முகவருமாக இருந்தவர் கீழக்கரையின் ஷெய்கு அப்துல் காதிர். தமிழ் உலகம் அவரை வள்ளல் சீதக்காதி என்று அறியும். செத்தும் கொடுத்தவர் என்ற பழமொழியில் அவர் வாழ்கிறார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர் என்று இலக்கிய வரலாறு அவரைப் போற்றுகிறது. ஆனால் டச்சுக் கம்பெனியின் ஆவணங்களில் அவர் வேறொரு ஆளாகத் தெரிகிறார். அங்கே அவர் பெரியதம்பி. கம்பெனியின் தனியுரிமையைத் தொடர்ந்து மீறிக்கொண்டிருந்த, எளிதில் மசியாத போட்டியாளர். வங்காளத்திற்குச் சங்கும், அங்கிருந்து அரிசியும், கிழக்கே மலாக்கா பக்கம் துணியும் என்று அவருடைய கப்பல்கள் போய்வந்தன. வள்ளலையும் வணிகரையும் பிரித்துப் பார்ப்பது தவறு. புலவருக்கு அள்ளிக் கொடுத்த பொன், கம்பெனியின் கண்ணில் படாமல் கடல் கடந்த சரக்கில் வந்தது. ஒரு பெரும் காப்பியம் உருவாகக் காரணமான பொருளாதாரத்தைச் சொல்லாமல் அந்தக் காப்பியத்தின் வரலாறு முழுமை பெறாது.

டச்சுக்காரர்களுக்குச் சங்கு ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு விடை எளிது. வங்காளத்தில் பட்டும் வெடியுப்பும் வாங்க அவர்கள் ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கொண்டுவர வேண்டியிருந்தது. சங்கு கையில் இருந்தால் அந்த அளவுக்கு வெள்ளி மிச்சம். எனவே சேதுபதியோடு மீண்டும் மீண்டும் உடன்படிக்கை எழுதி, சங்கு முழுவதும் தங்களுக்கே என்று கேட்டார்கள். உடன்படிக்கை ஏட்டில் இருக்கும். தோணிகள் இரவில் போகும். 18-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையிலேயே கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை அமைந்தது.

வணிகச் செல்வம் கல்விக்கும் போனது. சீதக்காதியின் காலத்தவரான சதக்கத்துல்லாஹ் அப்பா முதல், 19-ஆம் நூற்றாண்டில் அரூஸிய்யா மதரசாவை வளர்த்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் வரை, கீழக்கரை அரபுத் தமிழ்க் கல்வியின் முதன்மை ஊர்களில் ஒன்றாக இருந்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அந்த மரபில் இயற்றிய நூல்கள் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் படிக்கப்பட்டன. சங்கும் துணியும் சென்ற அதே கடல்வழியில்தான் நூல்களும் சென்றன.

குளியாட்கள்

கப்பல் மரைக்காயருடையது, கடல் சேதுபதியுடையது. மூச்சு குளியாளுடையது. கீழக்கரையின் முஸ்லிம் குளியாட்களும் பரதவர், கடையர் போன்ற மற்றக் கடலோரச் சமூகத்தினரும் இந்தத் தொழிலைச் செய்தார்கள்.

முத்துக்குளிப்பில் குளியாள் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை ஊன்றிக்கொள்வார். அரபு நாட்டார் மூக்கில் கவ்வி மாட்டுவார்கள். தமிழ்க் குளியாட்கள் விரலால் மூக்கைப் பிடித்தபடியே இறங்கினார்கள். கல் தரை தட்டியதும் அதை விட்டுவிட, தோணியிலிருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். ஒரு நிமிடம் முன்பின்னாகக் கையில் அகப்பட்ட சிப்பிகளையெல்லாம் வலைப்பையில் திணித்துவிட்டுக் கயிற்றை அசைப்பார். அந்த அசைவைக் கவனிப்பதே கயிறு பிடிப்பவருக்கு வேலை. மனைவியின் உடன்பிறந்தவனையே கயிற்றுக்கு வைக்க வேண்டும் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை நழுவவிட மாட்டான் என்பது காரணம்.

சங்கு குளிப்பது இதைவிடத் தனிமையான வேலை. சிப்பி பாறையின் மேல் கும்பலாகக் கிடக்கும். சங்கு மணலில் பாதி புதைந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். குளியாள் கீழே போனதும் நீந்தித் தேட வேண்டும். சங்கு ஊர்ந்த தடம் மணலில் தெரியும். அதைப் பின்பற்றிப் போனால் கிடைக்கும். நீர் தெளிந்திருக்கும் மாதங்களில்தான் இது முடியும். காற்று கிளம்பி நீர் கலங்கினால் கண் தெரியாது, அன்று கூலியும் கிடையாது. நாட்கூலி என்ற பேச்சே இல்லை, எண்ணிக்கைக்குத்தான் காசு.

கரைக்கு வந்த சங்கில் எதுவும் வீணாகவில்லை. சதையைக் காயவைத்து உண்டார்கள். வாயை மூடும் தகடு நகம் என்ற பெயரில் ஊதுபத்திக்கும் வாசனைப் பொருளுக்கும் போனது. ஓடு, உள்ளே மிஞ்சியது அழுகிக் கழியும்வரை கிடங்கில் கிடந்து, பின் கழுவப்பட்டது. அந்த நாற்றம் தாங்க முடியாதது என்று பார்த்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். வங்காளத்திற்குப் போகாத சிறு சங்கு இங்கேயே குழந்தைக்குப் பால் புகட்டவும், இறப்பு வீட்டில் ஊதவும், மாட்டு நெற்றியில் கட்டவும் பயன்பட்டது.

அரசு நடத்திய சலாபங்களில் துளையிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. அதற்குள் புகுந்து விழும் சிறிய சங்கை மீண்டும் கடலில் விட வேண்டும் என்பது விதி. பிற்காலத்தில் விட்டம் சுமார் 57 மி.மீ. என்று அது நிலைபெற்றது. இளஞ்சங்கை விட்டால் அடுத்த ஆண்டுகளில் கடல் கொடுக்கும் என்ற எளிய கணக்கு இது. இந்தியக் கடல்வள மேலாண்மையில் நடைமுறையில் இருந்த பழைய விதிகளுள் இதையும் சேர்க்கலாம்.

ஜமீன் கடல்

1795-இல் ஆங்கிலேயர் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிச் சிறைவைத்தார்கள். 1803-இல் ராமநாதபுரம் ஜமீனாக மாறியது. நிலத்தில் மன்னராட்சி முடிந்தாலும் சங்கு மீதான உரிமை ஜமீனிடமே இருந்தது. திருநெல்வேலிக் கரையில் சங்கு சர்க்காரின் தனியுரிமை. ராமநாதபுரம் கரையில் அது ஜமீனுடைய சொத்து, குத்தகைக்கு விடப்படுவது. குத்தகை எடுத்தவர் குளியாட்களை அமர்த்திச் சங்கு எடுத்தார். ஜமீன் கடலில் ஒருவர் தானாகச் சங்கு எடுத்தால் அது திருட்டா என்ற வழக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. கரையிலிருந்து சில மைல் தள்ளியுள்ள பாக் விரிகுடாவின் சங்குப் படுகைகளும் தொன்றுதொட்ட உரிமைக்கு உட்பட்டவை என்று நீதிமன்றம் கொண்டது. மணலில் ஊரும் ஓர் உயிருக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வியில் தொடங்கிய அந்தத் தீர்ப்பு, பின்னாளில் பாக் விரிகுடா வரலாற்று நீர்ப்பரப்பு என்ற சர்வதேசச் சட்ட வாதத்திற்கே சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது.

இதே காலத்தில் கீழக்கரை மெல்லப் பின்தங்கியது. அதற்குக் காரணம் கடல் வற்றியது என்று சொல்வதற்கில்லை. ரயில் வேறு வழியில் போனது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-இல் பாதை போட்டார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரை வண்டி போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கொழும்புப் பயணமும் சரக்குப் போக்குவரத்தும் ராமநாதபுரம் வழியாகவே நடந்தன. கீழக்கரைக்குத் தண்டவாளம் வரவே இல்லை. பாய்மரத் தோணியை நீராவிக் கப்பல் ஓரங்கட்டிய பிறகு, ஆழமற்ற கரையும் தீவுகளும் பாறைகளும் கொண்ட இந்தத் துறைக்குப் பெரிய கப்பல் வரவும் வழியில்லை. முன்னர் எதிரியின் கப்பலைத் தள்ளி நிறுத்திய அதே ஆழமின்மை இப்போது வணிகத்தையும் தள்ளி நிறுத்தியது.

முத்தின் கடைசிக் கொழிப்பு கடலின் இலங்கைப் பக்கம் நடந்தது. பெரிய முத்துப் பார்கள் (சிப்பிப் படுகைகள்) அங்கேதான் இருந்தன. 1905-இல் மறிச்சுக்கட்டியில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, இலங்கை அரசுக்குச் சுமார் 25 லட்ச ரூபாய் கிடைத்தது. பாரசீக வளைகுடா அரபுக் குளியாட்களோடு கீழக்கரைக் குளியாட்களும் அங்கே தோணி கட்டிச் சென்றார்கள். எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளுக்கு. அடுத்த ஆண்டு அந்த முகாமில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனார்ட் வுல்ஃப், அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் ஈக்களையும் பின்னால் தம் தன்வரலாற்றில் எழுதினார். 1906-இல் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. சிப்பி பொய்த்தது, 1912-இல் கம்பெனியே கலைந்தது. இந்தியப் பக்கம் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த சலாபங்களே கடைசி. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையைப் பிடித்திருந்தது.

சலாபத்திற்குப் பின்

1948-இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் ராமநாதபுரம் ஜமீன் மறுஆண்டு அரசின் கைக்கு வந்தது. சங்குக் கடலும் அதோடு வந்தது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அங்கே சங்கின் இனப்பெருக்கம், வளர்ச்சி ஆகியவை அறிவியல் முறையில் ஆராயப்பட்டன.

சங்கு இருந்தது, சந்தை கலைந்தது. 1947 பிரிவினையில் டாக்கா வேறு நாட்டுக்குப் போனது. கல்கத்தாவுக்குப் போன சங்கு டாக்காவின் வாளைச் சேர இப்போது ஓர் எல்லையைக் கடக்க வேண்டும். சாங்காரிகள் பலர் மேற்கு வங்கத்திற்குப் பெயர்ந்தார்கள். 1971 மார்ச் 26 அன்று பாகிஸ்தான் ராணுவம் சாங்காரி பஜாரில் புகுந்து மக்களைக் கொன்றது. எஞ்சியவர்களிலும் பலர் அதற்குப்பின் தொழிலை மேற்கு வங்கத்தில் தொடர்ந்தார்கள். பிஷ்ணுபூர், பாங்குரா போன்ற ஊர்கள் தொழிலின் மையங்களாயின. பழைய கைவாளின் இடத்தை மின்சாரத்தால் சுழலும் தகடு பிடித்தது.

கீழக்கரையின் வணிகக் குடும்பங்கள் அதற்குள் வேறு துறைகளுக்கு மாறியிருந்தன. சிலர் கொழும்பில் இரத்தினக்கல் வாங்கி விற்றார்கள். சிலர் பர்மாவிலும் ஹாங்காங்கிலும் கடை வைத்தார்கள். இலங்கை விடுதலைக்குப்பின் குடியுரிமைச் சட்டங்கள் இறுகியதும் கொழும்புக் கடைகள் சுருங்கின. 1970-களில் எண்ணெய் வளம் கொழித்த வளைகுடா நாடுகள் அந்த இடத்தை நிரப்பின. கீழக்கரையில் பிறந்து, இரத்தின வணிகத்தில் தொடங்கி, துபாயை மையமாகக் கொண்ட பெரும் நிறுவனத்தை வளர்த்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் இந்த மாற்றத்தின் அடையாளம். சீதக்காதியின் பெயரில் அறக்கட்டளை அமைத்த அவர் வண்டலூரில் 1984-இல் கிரசன்ட் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். அதே ஆண்டில் கீழக்கரையிலேயே முகம்மது சதக் பொறியியல் கல்லூரியும், 1988-இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் வந்தன. வெளியே சம்பாதித்து ஊரில் கல்விக்குச் செலவிடும் பழக்கம் இங்கே சங்குக் காலத்திலிருந்தே தொடர்வது.

கடலில் மிஞ்சியவர்கள் ஏழைக் குளியாட்கள். அவர்கள் கடல் அட்டைக்கு மாறினார்கள். அதை அவித்து, உலர்த்தி, சிங்கப்பூர் வழியாகச் சீனச் சந்தைக்கு அனுப்புவதில் கீழக்கரை ஒரு மையமாக இருந்தது. 2001-இல் மத்திய அரசு கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, பிடிப்பதையும் விற்பதையும் முற்றாகத் தடைசெய்தது. ஒரே ஆணையில் ஒரு தொழில் முழுவதும் குற்றமானது. அதற்கு முன்பே, 1986-இல், கரைக்கு எதிரே உள்ள 21 தீவுகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருந்தன. வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார், முல்லி ஆகிய தீவுகள் கீழக்கரைத் தொகுதியில் அடங்கும். 1989-இல் வளைகுடாவின் 10,500 ச.கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கு வெட்டிய பழைய அழிவை எண்ணினால் காப்பு தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் சுமை மிக வறியவர்கள் மேல்தான் விழுந்தது. ஏர்வாடி, பாம்பன் பக்கத்து ஊர்களில் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள், துணியும் ரப்பரும் சுற்றிய விரல்களோடு பாறையிலிருந்து பாசி பிய்ப்பவர்கள், எந்த இடத்தில் எந்த நாளில் இறங்கலாம் என்று வனத்துறையோடு இன்றும் பேச வேண்டியிருக்கிறது.

சங்கு அந்தத் தடைப்பட்டியலில் சேரவில்லை. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், ராமேஸ்வரம் கரைகளிலிருந்து குளியாட்கள் இன்னும் இறங்குகிறார்கள். கல் போய்விட்டது, காலில் கட்டிய அலுமினியத் தகடு துடுப்பாக உதவுகிறது, முகத்தில் கண்ணாடி. விசைப்படகின் இழுவலையிலும் சங்கு அகப்படுகிறது. அந்த வலை அளவு பார்ப்பதில்லை, இளஞ்சங்கையும் வாரிக்கொண்டு வருகிறது. வரத்து குறைந்ததால் மேற்கு வங்கத்தின் பட்டறைகளுக்கு இலங்கையிலிருந்தும் சங்கு வருகிறது. ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில், அமிலத்தில் கழுவி மெருகேற்றிய சங்குகள் யாத்திரிகர்களுக்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் பொறித்துத் தருவதற்குக் கடைக்குள்ளேயே சிறிய இயந்திரம் சுழல்கிறது. அளவு பார்த்துப் பிரித்த நல்ல சங்கு மட்டும் முன்போலவே சாக்கில் கட்டப்பட்டுக் கல்கத்தாவுக்குப் போகிறது.